மூன்றாம் நம்பரின் மேல் ஊதாத் துணி

“நாலரைக்கு வாரேன், மூணாம் நம்பரை மட்டும் அணைச்சுப் போட்டுராத” என்று சொல்லிவிட்டு வியாகப்பன் வாத்தியார் படியிறங்கிப் போய்ப் பத்து நிமிஷம் ஆகியும், அமலோற்பவம் ஜெராக்ஸ் மெஷினின் மூடிமேல் வைத்த கையை எடுக்கவில்லை. மெஷின் சூடாக இருந்தது. பங்குனி வெயில் ஷட்டருக்குக் கீழே நுழைந்து செருப்பு விடுகிற இடம்வரை வந்திருந்தது. அப்படி என்ன கேட்டுவிட்டார், கிட்னியையா கேட்டார் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆறுதலாக இல்லை. கிட்னி என்றால் தன்னுடையது, கொடுப்பதும் கொடுக்காததும் தன் பாடு. அவர் கேட்டது இன்னொருத்தியுடையது, அவர் மகளுடையது. “லிடியா செவ்வாய்க்கிழமை இங்க வந்தாளாமே. ஒரு மணி நேரம் மூணாம் நம்பர் கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்தாளாமே. வீட்டுல ஒருத்தர்ட்டயும் சொல்லல பாத்துக்க. என்ன பாத்தான்னு எனக்குத் தெரியணும். ஹிஸ்டரின்னு ஒண்ணு இருக்குமாம்லா, மாப்பிள்ளைப் பையன் சொன்னான். நீ அதைத் தொறந்து காட்டுனாப் போதும்.” அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டி கேட்கிற மாதிரிதான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. ஈஸ்டர் முடிந்த மறு ஞாயிறு நிச்சயம், பெங்களூர் மாப்பிள்ளை, நல்ல குடும்பம், நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது பார். போகிற போக்கில், சம்பந்தமே இல்லாததுபோல, “ஜூன்ல உன் கடை அக்ரிமெண்ட் பேரவைக்கு வருதுல்லா, அதையும் நல்லபடியா முடிச்சிருவோம்” என்றார். கடைக் கட்டிடம் கோயிலுக்குச் சொந்தம். கோயில் காரியம் பேசுகிற பங்குப் பேரவையில் வாத்தியார் செயலாளர். சம்பந்தம் இல்லாமல் என்ன, இருபது வருஷமாக இந்தச் சேவியர்பட்டியில் எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் சம்பந்தம் இருக்கிறது. அவள் “சரி சார்” என்று சொல்லியிருந்தாள்.

ஏன் சரி என்றாள்? வாய் பழகிவிட்டது. எட்டாம் வகுப்பில் அவர் கணக்கு எடுத்தபோது பழகியது. ஐம்பத்தொரு வயதாகியும் அந்த மனிதர் முன்னால் நின்றால் பாவாடையில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கிற மாதிரியே ஒரு நினைப்பு. செவ்வாய்க்கிழமை லிடியா வந்தபோது மணி பதினொன்று இருக்கும். “அமலிக்கா, ஒரு சிஸ்டம் வேணும், உள்ள இருக்கது” என்றாள். நர்சிங் படித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிற பெண். கையில் போன் இருக்கிறது, நல்ல போன்தான், ஆனால் ராத்திரி சாப்பாடானதும் அது அப்பாவின் தலைமாட்டுக்குப் போய்விடும், காலையில் திரும்பி வரும். இதை லிடியா சொல்லவில்லை. லிடியாவின் அம்மாவே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், எங்க வீட்டுல ஒளிவு மறைவு கிடையாது என்று. எல்லாரும் போனை வைத்துக்கொண்டு திரிகிற காலத்தில் பிரவுசிங் சென்டரை யார் சீண்டுவார்கள், இழுத்து மூடிவிட்டு இட்லிக் கடை போடு என்று அவளுக்கு யோசனை சொன்னவர்கள் எத்தனை பேர். ஆண்கள் வந்தால் ஆதார் பிரிண்ட், பட்டா, ஃபாரம் பூர்த்தி செய்வதற்கு வருவார்கள். பெண்கள்தான் உட்கார்ந்து பார்ப்பதற்கு வருகிறார்கள். கையில் இருக்கிற போன் தன்னுடையது இல்லாதவர்கள் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் மெஷின்களை மறைக்கிற பழைய தட்டியை எடுக்காமல் வைத்திருக்கிறாள். அதன் கதவை மட்டும் வெகு காலத்துக்கு முன்பே கழற்றச் சொல்லிவிட்டார்கள், கதவு இருந்தால் உள்ளே தப்பு நடக்குமாம். வீடுகளுக்கெல்லாம் கதவு இருக்கிறதே என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. லிடியா ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். அழவில்லை, ஒரு தடவை மெல்லச் சிரித்த சத்தம் கேட்டது. வெளியே வந்து, “எல்லாத்தையும் மூடிட்டேன்க்கா” என்றாள், அடுப்பை அணைத்துவிட்டேன் என்கிற நிம்மதியோடு. மூடினால் போய்விடும் என்று அந்தப் பிள்ளை நினைத்தது. இவளும் “சரிம்மா” என்றாள். அங்கேயும் ஒரு சரி.

மூடினால் போகாது என்று அவளுக்குத் தெரியும், அதுதான் கஷ்டம். தெரியாதவளாக இருந்திருந்தால் இந்த நேரம் ஒரு டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய மெஷின்கள் எதையும் மறப்பதில்லை. மறக்க விட்டதில்லை அவள். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும், நீங்கள் பார்ப்பதைக் குறித்துவைப்போம், ஏற்கிறீர்களா ஏற்கிறீர்களா என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அவள் யார் பேருக்கு என்று பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் ஏற்கிறேன் என்று ஒரே தட்டாகத் தட்டிவிடுவாள். ஊர் முழுமைக்கும் சேர்த்து அவளே ஒத்துக்கொண்டிருக்கிறாள். அதன் பலனைச் சிரித்துக்கொண்டே அனுபவித்ததும் உண்டு. போன வருஷம் காலில் நரம்பு சுருண்டுகொண்டபோது இரண்டாம் நம்பரில் ஒரே ஒரு தரம்தான் தேடினாள், அப்புறம் ஒரு மாதம் அந்த மெஷினில் யார் கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தாலும் ஓரத்து விளம்பரத்தில் ஒரு வெள்ளைக்காரி காலுறையை இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டே இருந்தாள். “ஏ அமலி, உனக்குக் கால்ல என்ன?” என்று மீன்காரர் கேட்டார். ரேஷன் கடைக்காரர் கேட்டார். ஃபாதர் ஜெபிப்பதாகச் சொன்னார். தன் காலை ஊருக்குச் சொல்லிக்கொடுத்த அந்தக் காலுறைக்காரியை நினைத்ததும் ஜெராக்ஸ் மூடியிலிருந்து கையை எடுத்தாள். மூணாம் நம்பரில் இப்போது யார் நிற்கிறார்களோ. ஹிஸ்டரியைத் திறக்கவே வேண்டாம், வாத்தியார் செய்தித்தாள் பக்கத்தைத் திறந்தால் போதும், லிடியா தேடியது ஓரமாக வந்து நின்று பல்லைக் காட்டும். எழுந்து போனாள். திரையைப் பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேஜை டிராயரில் கிடந்த ஊதா நிற ஜாக்கெட் துணியை எடுத்து மானிட்டர்மேல் போட்டாள். ஈஸ்டருக்கு முன்பு, தவக்காலத்தின் கடைசியில், கோயிலில் மாதா சிலை, புனிதர் சிலை என்று சுரூபங்களுக்கெல்லாம் இப்படித்தான் ஊதாத் துணி போர்த்தி வைப்பார்கள். சின்ன வயதில் அவளுக்கு அதைப் பார்த்தால் பயம். துணிக்குள்ளே மாதா இருக்கிறாளா, எழுந்து போய்விட்டாளா என்று.

அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது. வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதை, இயேசு சிலுவை சுமந்ததைப் பதினாலு நிலையாக வாசித்து ஜெபிக்கிற வழிபாடு. ஒவ்வொரு நிலையாக வாசிப்பது வாத்தியார்தான், முப்பது வருஷமாக அவர்தான். முதல் நிலை என்றது அவர் குரல், கோயிலிலிருந்து சந்தைத் தெரு தாண்டி அவள் கடைக்குள் வந்து. பதினாலு நிலை முடிந்தால் நாலேகால். அங்கிருந்து நடந்து வரப் பத்து நிமிஷம். ஆக அவளுக்கு இருக்கிற நேரத்தை அவரே சத்தமாக எண்ணிக்கொண்டிருக்கிறார். இந்த மனிதர்மேல் கோபப்படவும் முடியவில்லையே. கல்யாணமாகாத பொம்பளைக்குக் கம்ப்யூட்டர் கடையா, அதுவும் கோயில் கட்டிடத்திலா என்று பேரவையே ஒன்றாக நின்றபோது, அவர் ஒருத்தர்தான் எழுந்து, “அவ என் ஸ்டூடண்ட், நான் பொறுப்பு” என்றார். இரண்டே வார்த்தை. அதன்மேல்தான் இந்த ஷட்டர், இந்த நாலு மெஷின், இந்த ஜெராக்ஸ், அம்மாவின் கடைசிக் காலத்து மாத்திரை எல்லாம் நின்றது. அந்த நன்றி அவளுக்கு உண்டு, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் நன்றி அவளுடையது. அதை லிடியாவின் தலையில் எப்படி இறக்கி வைப்பது? இரண்டாம் நிலை. சிலுவையைத் தோளில் ஏற்றுகிறார்கள். வெளியே தெருவில் ஒரு பைக் போயிற்று, வெயிலில் தார் பிசுபிசுத்துச் சக்கரம் உரிகிற சத்தம் கேட்டது.

கிளாரா. வரக் கூடாது என்று நினைத்த பேர் வந்துவிட்டது. வாத்தியார் படியிறங்கியதிலிருந்தே அது வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தது. கடை திறந்த மூன்றாம் வருஷம். இங்கே மெயில் போட வருகிற கிளாராவின் புருஷன் வந்தான், மரியாதையாகத்தான் வந்தான், “அக்கா, அவ யாருக்கோ மெயில் போடுதா, எங்க போடுதான்னு பாத்துச் சொல்ல முடியுமா, ஒங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டரா” என்றான். ஒங்களுக்குத் தெரியாததா. அந்த ஒரு வார்த்தையில் அவள் விழுந்தாள். இதை இத்தனை வருஷத்தில் ஃபாதரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை. மிரட்டலுக்குப் பயந்து காட்டவில்லை, பெருமைக்குக் காட்டினாள். விரலைச் சொடுக்குகிற நேரத்தில் எடுத்துக் கொடுத்து, பாருங்க இதோ என்று நாற்காலியையும் இழுத்துப் போட்டாள். மஸ்கட்டில் இருக்கிற அக்காளுக்கு எழுதியிருந்தாள் கிளாரா. “என்னால முடியலக்கா, கூட்டிட்டுப் போயிரு.” அவ்வளவுதான் மெயில். அவன் வாசித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான். நாலு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் கிளாராவைப் பார்த்தாள். இடது கை முழங்கைவரை மாவுக்கட்டு. திட்டுவாள் என்று பார்த்தாள், துப்புவாள் என்று பார்த்தாள். கிளாரா, “நல்லா இருக்கீங்களாக்கா” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போனாள். அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. நல்லா இருக்கீங்களாக்கா. பதினேழு வருஷமாக அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறாள், எந்த மெஷினிலும் அகப்படவில்லை. ஆறாம் நிலை என்றார் வாத்தியார். வெரோணிக்கா இயேசுவின் முகத்தைத் துடைத்த துணியில் முகம் அப்படியே பதிந்துவிட்டதாம். துடைத்தாலும் பதியும். பார்த்தாயா, இன்றைக்கு அவர் வாசிக்கிற ஒவ்வொன்றும் வந்து எனக்கே குத்துகிறது என்று எரிச்சலோடு நினைத்தாள்.

வழி இல்லாமல் இல்லை. மெயின் ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் கரண்ட் இல்லை என்று சொல்லலாம். எத்தனை நாளைக்குச் சொல்வாய். மெஷினை ரிப்பேருக்குத் தூக்கித் திருநெல்வேலிக்கு அனுப்பியாயிற்று எனலாம். சற்று முன்பு பார்த்த மெஷின் நாலரைக்குள் திருநெல்வேலி போகுமா, அவர் கணக்கு வாத்தியார். அழித்துவிட்டு ஒன்றும் இல்லையே சார் என்று கையை விரிக்கலாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தவள் ஒன்றுமே பார்க்கவில்லை என்றால் நம்புவாரா? செவ்வாய்க்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் ஓட்டை விழுந்திருந்தால், அந்த ஓட்டையே லிடியாவுக்கு எதிர்ச்சாட்சி. ஏதோ இருந்திருக்கு, அதான் அழிச்சிருக்கா என்பார். அப்படியானால் முதலில் பார்த்துவிட்டால் என்ன? ஒன்றுமில்லாத விஷயமாக இருந்தால், சமையல் குறிப்பாக இருந்தால், வெளிநாட்டு நர்ஸ் வேலையாக இருந்தால், காட்டிவிட்டுப் போகலாமே. யாருக்கும் நஷ்டமில்லையே. கை மானிட்டர் வரைக்கும் போய்விட்டது. துணியின் ஓரத்தைப் பிடித்தும்விட்டது. எத்தனை நைச்சியமாக வருகிறது பார் இந்தப் புத்தி, உதவி செய்கிறவளின் வேஷத்தில் வருகிறது. சமையல் குறிப்பாக இருந்தாலும் அது லிடியாவின் சமையல் குறிப்பு. நல்லதாக இருந்தால் காட்டலாம், கெட்டதாக இருந்தால் மறைக்கலாம் என்று தீர்ப்பு எழுத இவள் யார், இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பிலாத்துவா? அப்பாவுக்கு ஒளித்துப் பார்க்கிற உரிமை தப்பு செய்கிறவளுக்கு மட்டுமா வேண்டும்? ஒரு தப்பும் செய்யாதவளுக்கும் வேண்டும். அவளுக்குத்தான் முதலில் வேண்டும். துணியை விட்டாள். விரலில் ஊதாச் சாயம் லேசாக ஒட்டியிருந்தது, வியர்வை.

எட்டாம் நிலை. குரல் கொஞ்சம் களைத்திருந்தது. பாவம், எழுபத்திரண்டு வயது, வெள்ளிக்கிழமை ஒருசந்தி, மத்தியானச் சாப்பாடு இருக்காது. அந்தக் களைப்பைக் கேட்டதும்தான் ஜனவரி மாதத்து மத்தியானம் ஒன்று ஞாபகம் வந்தது. இதே வாத்தியார், தனியாக, குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, “அமலி, ஒரு சிஸ்டம் குடு” என்று வந்து ஒண்ணாம் நம்பரில் உட்கார்ந்தார். மகள் போனை வாங்கி வைக்கிறவருக்கு வீட்டில் போன் இல்லாமலா? ஒற்றை விரலால் நாற்பது நிமிஷம் தட்டினார். எழுந்து வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இது யாருக்கும் தெரியாதுல்லா?” என்று கேட்டார். “தெரியாது சார்” என்றாள். அவள் பார்க்கவும் இல்லை. ஆனால் அது அங்கேதான் இருக்கிறது. அந்த மெஷின் எதையும் கீழே போடாது. எழுந்து போனால் ஆறடி. ஆறடி போய்ப் பார்த்துவிட்டால் அப்புறம் ஜூன் மாதம் என்ன, எந்த மாதமும் அவரை ஒரு பார்வையில் உட்கார வைத்துவிடலாம். வாங்க சார், முதல்ல உங்களதைத் திறப்போமா? உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பரவிற்று, கெட்ட சந்தோஷம், பல்வலிப் பல்லை நாக்கால் அழுத்துகிற சந்தோஷம். அவள் அதிலேயே கொஞ்ச நேரம் நின்றாள், நின்றதை ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த முகம் நினைவுக்கு வந்தது, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாதுல்லா என்று கேட்ட முகம். லிடியாவின் முகம்தான் அது. மூக்குகூட அதே மூக்கு. அந்த வீட்டில் ஒளிவு மறைவு கிடையாதாம். அப்பாவும் மகளும் ஒரே தட்டிக்குப் பின்னால், மாற்றி மாற்றி, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரிப்போடு கோபமும் வந்தது, தெளிவான கோபம், இவ்வளவு நேரம் கலங்கிக் கிடந்தது அடியில் தங்கிவிட்ட மாதிரி.

நாலாம் நம்பரிலிருந்து தொடங்கினாள். திரையைத் திறந்து படிக்க வேண்டியதில்லை, மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் அழிக்கிற பெட்டி மட்டும் வரும், எவ்வளவு காலம் என்று கேட்கும். தொடக்கம் முதல். எல்லாம். பார்த்தது, சேர்ந்தது, அந்த ஏற்கிறேன் ஏற்கிறேன் என்று அவள் தட்டித் தட்டி உள்ளே விட்ட அத்தனை ஒற்றர்களும். பென்ஷன்காரர்களின் கணக்கெல்லாம் லாக் அவுட் ஆகிவிடும், நாளைக்குத் திரும்பத் திறக்க ஓடிபி ஷார்ஜாவிலிருக்கிற மகன் போனுக்குப் போகும், அவனுக்கு அடித்துக் கேட்க வேண்டும், நாற்பது கிழவர்கள் அவளை வைது தீர்ப்பார்கள். வையட்டும். இனிமேல் மூடினால் எல்லாம் அழிய வேண்டும் என்று அமைத்தாள், அந்தப் பிள்ளை நினைத்த மாதிரியே. கண்காணிப்பைத் தடுக்கிற இடத்தில் சாதாரணம் என்று இருந்ததை மாற்றி, கடுமை என்பதில் வைத்தாள். சில தளங்கள் சரியாக இயங்காமல் போகலாம் என்று எச்சரித்தது. போகட்டும் என்று வாய்விட்டே சொன்னாள். எங்கேயோ பெரிய கம்பெனிகளின் கூடத்தில் கிடப்பதை அவளால் அழிக்க முடியாது, அது அவள் கைக்கு எட்டாது. ஆனால் இந்த நாலு மெஷினும் இந்தப் பத்தடிக்குப் பதினைந்தடியும் அவள் கைக்கு எட்டும். இரண்டாம் நம்பர் முடிந்தது, காலுறைக்காரியும் போய்த் தொலைந்தாள். ஒண்ணாம் நம்பர் முடிந்தது. மூணாம் நம்பருக்கு வந்து, துணியை எடுக்காமல், அடியில் ஒரு விரல் அகலம் தூக்கி, பெட்டி வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். பத்தாம் நிலை என்றது ஒலிபெருக்கி. இயேசுவின் ஆடைகளை உரிகிறார்கள் என்று வாத்தியார் வாசித்தார். வருஷா வருஷம் போல அந்த இடத்தில் அவர் குரல் உடைந்தது, நிஜமாகவே உடைந்தது. அவள் அழுத்தினாள். பச்சைக் கோடு நகர்ந்து முடிந்தது, இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மீதி நாலு நிலைக்கும் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். பயம் போகவில்லை. ஜூனில் ஷட்டரை இறக்கச் சொல்வார்கள், மெஷின்களை ஆட்டோவில் ஏற்றி எங்கே கொண்டு வைப்பது, வீட்டில் இடமில்லை, இட்லிக் கடை யோசனை அவ்வளவு மோசமில்லையோ என்றெல்லாம் ஓடிற்று. ஓடட்டும் என்று விட்டாள். நாலு இருபத்தெட்டுக்கு அவர் படியேறினார், சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, கையில் ஒரு டம்ளர். கோயிலில் கொடுத்த மோர். “வெயில்ல உக்காந்திருப்பேன்னு கொண்டாந்தேன், குடி” என்று மேஜைமேல் வைத்தார். இதைத்தான் அவளால் தாங்க முடியாது. மோரைக் கொண்டுவராமல் வந்திருக்கலாம் அவர்.

“எங்க, தொறந்து காட்டு” என்றார். துணியைப் பார்த்து, “இது என்ன, மூடி வச்சிருக்க?”

“சார், அதுல ஒண்ணும் இல்ல. நான் அழிச்சிட்டேன்.”

அவர் மோர் டம்ளரை இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாகத் தள்ளினார். பிறகு, எட்டாம் வகுப்பில் தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்தச் சொல்லிக் கொடுக்கிற அதே மெல்லிய குரலில், “கை பட்டுருச்சோ? தெரியாம நடந்திருக்கும். இந்த மெஷினெல்லாம் அப்படித்தான்” என்றார். வாசலைத் திறந்து வைத்துவிட்டு, இப்படி வெளியே வந்துவிடு என்கிறார். ஆமாம் சார் என்றால் போதும். ஜூனும் நல்லபடியாக முடியும்.

“இல்ல சார். தெரிஞ்சுதான் செஞ்சேன்.”

“நீ பாத்தியா? என்ன இருந்துது?”

“பாக்கல.”

“பொய் சொல்லாத அமலி. ஒண்ணும் இல்லன்னா எதுக்கு அழிக்க? என்னமோ இருந்திருக்கு. எம்மவ என்னமோ பண்ணுதா, நீயும் அவளுக்குக் கூட நிக்க.”

“அவளோடது மட்டும் இல்ல சார்” என்றாள். குரல் நடுங்கிற்று, நடுங்கட்டும் என்று பேசினாள். “நாலு மெஷினும் அழிச்சிட்டேன். கடை தொறந்த நாள்ல இருந்து யாரு என்ன பாத்திருந்தாலும் எல்லாம் போயிருச்சு. மீன்காரரோடது, ஃபாதரோடது, எல்லாம். ஜனவரில நீங்க ஒண்ணாம் நம்பர்ல உக்காந்தீங்கள்லா, அதுவும். அதையும் நான் பாக்கல. யாருக்கும் தெரியாதுன்னு உங்ககிட்ட சொன்னேன். லிடியாகிட்டயும் அதேதான் சார்.”

வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார வேண்டும் என்று நினைத்து உட்கார்ந்த மாதிரித் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார். மின்விசிறியில் துணியின் ஓரம் ஆடிற்று. “ஜூன்ல பேரவை இருக்கு” என்றார் கடைசியில்.

“தெரியும் சார்.”

“நான் பேச மாட்டேன் உனக்காக.”

“சரி சார்” என்றாள். இன்றைக்குச் சொன்னதில் இந்த ஒரு சரி மட்டும் அவளுடையதாக இருந்தது.

அவர் எழுந்து போனார். படியிறங்கி, குடையை விரித்து, நாலு எட்டு நடந்து, நின்றார். திரும்பி வந்து முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல், செருப்பைப் பார்த்துக்கொண்டு, லிடியாவின் அப்பா கேட்டார்.

“ஒண்ணாம் நம்பர்ல சுத்தமாப் போயிருச்சுல்லா?”

“சுத்தமாப் போயிருச்சு சார்.”

அவர் தலையை ஆட்டினார். குடை சந்தைத் தெரு முனையில் திரும்புகிறவரை பார்த்திருந்துவிட்டு, அமலோற்பவம் மூணாம் நம்பர்மேல் கிடந்த ஊதாத் துணியை எடுத்து உதறி, தட்டியில் முன்பு கதவு இருந்த இடத்தில், இரண்டு பக்கமும் ஆணியில் இழுத்துக் கட்டினாள். கொஞ்சம் நீளம் போதவில்லை, நாளைக்கு இன்னொரு துண்டு வாங்கித் தைத்துக்கொள்ளலாம். பிறகு உட்கார்ந்து மோரைக் குடித்தாள். உப்பு சரியாக இருந்தது.